திரைக்குப் பின்னே ஒரு தீபம் – டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



வேளச்சேரி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி பீச் பக்கம் போகிறவர்கள் நம்மில் பல பேர் உண்டு. திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், அதைத் தாண்டி பார்க் டவுன். கிரிக்கெட் பார்க்கவும் சென்ட்ரலுக்குப் போகவும்தான் இந்த ஸ்டேஷன்களை நமக்குத் தெரியும். ஆனால் ஒரு மாமனிதரின் மாணவப் பருவம் இந்த மூன்று ஸ்டேஷன்களைச் சுற்றியே கழிந்தது. திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளி, சேப்பாக்கத்தில் மாநிலக் கல்லூரி, பார்க் டவுன் அருகே மருத்துவக் கல்லூரி. அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ். நண்பர்களே, இந்தப் பக்கத்தைப் படிக்க உங்கள் மூளை இந்த நிமிடம் செலவழிக்கிற சக்தி இருக்கிறதே, அதன் ரகசியத்தைக் கண்டு சொன்னவர்களில் அவரும் ஒருவர்!

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரெவின்யூ இலாகாவில் வேலை. உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட வேண்டி வந்தது. வீட்டில் வறுமை. பையனுக்கோ படிப்பில் மனம் ஓடவில்லை. காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவனைப் பாதி வழியில் பிடித்து வந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை கோட் அடித்தான். அம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். மூன்றாவது முறைதான் பாஸ். அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்!

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அது காந்தியடிகளின் அறைகூவல் ஒலித்த காலம். அந்நியத் துணியை ஒதுக்கிய சுப்பாராவ், ஆபரேஷன் தியேட்டரிலும் கதர் அங்கியே அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு? தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. நம்ம பாஷையில் சொன்னால், டிகிரி கேட்டவருக்கு டிப்ளமோ! டிப்ளமோதானே என்ற பேச்சை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் நமக்கு அந்த வலி சொல்லிப் புரிய வேண்டியதில்லை.

சகோதரர்கள் இருவரை ஸ்புரூ என்ற குடல் நோய் அடுத்தடுத்துப் பலி கொண்டது. அவரையும் அதே நோய் தாக்கி, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். நோய்க்கு மூல காரணம் தெரிய வேண்டும் என்ற வெறி மட்டும் அடங்கவில்லை. மாமனார் உதவியோடு, இளம் மனைவியை விட்டுவிட்டு, 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை. மனைவியையும் மறுபடி பார்க்கவில்லை.

கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவி வயிற்றைக் கழுவினார். பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு. அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, திரவத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். பயோகெமிஸ்ட்ரி லேப்களில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று இன்றும் சொல்லித் தருவது இதைத்தான். அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைக்குள் தேடியதில், 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் அடினோசின் டிரை பாஸ்பேட், அதாவது ஏ.டி.பி. கிடைத்தன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். உயிருள்ள செல் எதுவானாலும் அதற்கு ஏ.டி.பி.தான் செலாவணி நாணயம் என்றால் மிகையாகாது.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை விழுங்குகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு துப்புரவுப் பணிக்கும் மறுசுழற்சிக்கும் போகிறது.

ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லோடு பேசுவது ரசாயனத் தூதுவர்கள் மூலம். அவற்றில் முக்கியமானது குளூட்டமேட். ஆம், மளிகைக் கடை அஜினோமோட்டோவில் இருக்கும் அதே குளூட்டமேட்தான்! சேதி சொன்ன பிறகு அது செல்களின் இடைவெளியில் தேங்கி நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த செல் ஓயாமல் தூண்டப்பட்டுச் செத்தே போகும். அதனால் பக்கத்திலிருக்கும் நட்சத்திர வடிவத் துணைச் செல், அதாவது ஆஸ்ட்ரோசைட், அதை உறிஞ்சிக்கொள்கிறது. கூடவே அமோனியாவைச் சேர்த்து குளூட்டமின் ஆக்குகிறது. கேஸ் சிலிண்டரை மூடி போட்டு லாரியில் ஏற்றுகிற மாதிரி! குளூட்டமின் யாரையும் தூண்டாது, பத்திரமாக நரம்புச் செல்லுக்குப் போய்ச் சேரும். அங்கே மூடி கழன்று மறுபடி குளூட்டமேட், மறுபடி சேதி. சர்க்கரையிலிருந்து புதுக் குளூட்டமேட்டைச் சொந்தமாகத் தயாரித்துக்கொண்டே இருக்கத் தேவையான என்சைம் நரம்புச் செல்லிடம் இல்லை. துணைச் செல் கைவிட்டால் அது ஊமை.

நம்ம இன்ஜினியரிங் கணக்கும் போடலாம். ஒரு குளூட்டமேட்டை உள்ளே இழுக்கும்போது மூன்று சோடியம் அயனிகளும் நுழைகின்றன. அவற்றை வெளியே தள்ளும் பம்புக்கு ஒரு ஏ.டி.பி. மூடி போட இன்னொரு ஏ.டி.பி. ஆக மொத்தம் இரண்டு. சுப்பாராவ் மூளையை ஆராயவில்லை. ஆனால் தசையில் அவர் கண்ட நாணயத்தைக் கொடுத்துத்தான் இந்தத் துணைச் செல்லும் வேலை வாங்குகிறது.

இவ்வளவு செய்தும் அந்தச் செல்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1856-ல் ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ வைத்த பெயரின் பொருளே நரம்புப் பசை! சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். மூடி போடும் என்சைம் ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கிறது என்பதே 1970களின் கடைசியில்தான் தெளிவானது.

சுப்பாராவ் கதையும் அதுவேதான். ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போய், ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அந்த மூலக்கூறின் ஒரு துண்டு, மூளையில் தூது போகும் அதே குளூட்டமிக் அமிலம்! ஃபோலிக் அமிலத்தைச் சற்றே மாற்றி அவர்கள் உருவாக்கிய மருந்து, டாக்டர் சிட்னி ஃபார்பர் கையில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு முதல் நம்பிக்கை ஆனது. இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட் அதன் தம்பிதான். யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவர் பிரிவில் பிறந்தது. 1948-ல் வெளிவந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்து. அதைக் கண்ட பெஞ்சமின் டுக்கர் பணியாற்றியதும் சுப்பாராவ் தலைமையில்தான்.

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பில் உயிர் பிரிந்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டு எதிலும் அவர் பெயர் இல்லை. தபால்தலை வந்ததுகூட நூற்றாண்டான 1995-ல்தான்.

நண்பர்களே! நாளை நாமும் ஷாப் ஃப்ளோரில், சப்ஸ்டேஷனில், சைட்டில் நிற்கப் போகிறவர்கள். மெஷின் ஓடும், கட்டிடம் எழும்பும், கல்வெட்டில் பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். அப்போது மனம் சோர்ந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். துணைச் செல் என்று ஒதுக்கப்பட்டவை இல்லாமல் மூளை ஒரு சேதிகூடத் தொடர்ந்து பேச முடியாது. டிகிரி மறுக்கப்பட்டவரின் உழைப்பால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிகிறது. அடுத்த முறை பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி வரும்போது ஜன்னல் வழியே ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். மூன்றாவது முறை பரீட்சை எழுதப் போன ஒரு பையன் நடந்த தெருக்கள் அவை.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் உழைப்பு!