கண்டி தந்த அறிஞர் சித்தி லெப்பை (ரஹ்)

சென்ற மாதம் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பஸ் ஏறிப் போக நேர்ந்தது. மலைமேல் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர் வீட்டில் குழந்தைக்கு அகீகா. துஆ ஓதி, சாப்பாடும் முடிந்த பிறகு, மாலை பஸ்ஸுக்காகக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மூத்த மகன், பதினான்கு வயதுப் பையன், தராசில் சாமை அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன் ஹஜ்ரத் என்றார் தகப்பனார். அவருடைய அத்தாவும் அந்த வயதில்தான் அவரைக் கடையில் உட்கார வைத்தார்களாம். ஹலாலான வியாபாரம் கையில் இருக்கும்போது அதிகப் படிப்பு எதற்கு, அது பிள்ளையை மார்க்கத்தை விட்டே இழுத்துக்கொண்டு போய்விடும் என்றும் சேர்த்துச் சொன்னார். அதே நேரத்தில் சுற்றியுள்ள மலைச் சிற்றூர்களின் மலையாளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு கடையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. பஸ் மலை இறங்கும்போதுதான் கண்டி அறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கண்டியும் மலை ஊர். அங்கும் நம்மவர்கள் கடை வைத்துப் பிழைத்தவர்கள்தாம். அவர்களும் இதே பேச்சைத்தான் பேசினார்கள்.

சித்தி லெப்பை 1838 ஜூன் 11இல் பிறந்தார்கள். தந்தையார் வழக்கறிஞர், இலங்கை வழக்கில் பிரக்கிராசி என்பார்கள். முஸ்லிம்களில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் மனிதர் அவரே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு அரபும் தமிழும் கற்பிக்கப்பட்டன, ஆங்கிலமும் கற்பிக்கப்பட்டது. அந்நாளில் இந்த மூன்றும் ஒரே முஸ்லிம் பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். 1862இல், இருபத்து நான்கு வயதில், கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார்கள். இரண்டாண்டுக்குப் பின் உயர்நீதிமன்றத்திலும் வழக்காடும் தகுதி கிடைத்தது. சில காலம் கண்டி நகர நீதிமன்றத்தில் நடுவராகவும் அமர்ந்தார்கள். வருமானம், மரியாதை, ஊரில் செல்வாக்கு என்று ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் அசையாமல் உட்கார்ந்திருக்கப் போதுமான யாவும் நாற்பது வயதுக்குள் வந்துவிட்டன.

அந்த இடத்தில் அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. அதனால்தான் இன்று அவர்களைப் பற்றி எழுதுகிறோம்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் படிக்கப் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிகள்தாம் இருந்தன. அங்கே பைபிளும் பாடம். பிள்ளையின் ஈமானுக்கு ஆபத்து என்று முஸ்லிம் பெற்றோர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமான பயமே, அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் காலம் செல்லச் செல்லப் பயம் மறைந்து வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமலிருப்பதே பேணுதல், பையனை ஓதவைத்து நேரே கடைக்கு அனுப்புவதே தீன் என்று ஆகிவிட்டது. 1869இல் அரசாங்கம் கல்வித் துறை அமைத்துத் தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848லேயே சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி தொடங்கியிருந்தார். 1880இல் ஆல்காட் வந்த பிறகு பௌத்தர்களும் தங்களுக்கென்று பள்ளிகளை எழுப்பினார்கள். மிஷன் பள்ளி வேண்டாமென்றால் நாமே பள்ளி கட்டிக்கொள்ளலாம் என்ற வழி எல்லோர் கண்ணிலும் பட்டது. நம்மவர்கள் கண்ணில் படவில்லை.

வக்கீலுக்குத் தெரிந்த ஆயுதம் வாதம். ஆனால் நீதிமன்றத்தில் ஒரு கட்சிக்காரருக்காக வாதாடி வெல்லலாம். ஒரு சமுதாயத்தின் வழக்கத்தை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? அதற்கு வேறு கருவி தேவைப்பட்டது. 1882 டிசம்பரில், நாற்பத்து நான்கு வயதில், முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். அச்சுக்கூடம், தாள், எழுத்துக் கோப்பவர், சந்தா என்று கோர்ட்டுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளையெல்லாம் அந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கல்வி, மார்க்கம், உலகச் செய்தி, துருக்கி சமாச்சாரம், எகிப்து சமாச்சாரம் எல்லாம் அதில் வந்தன. அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அராபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். சித்தி லெப்பை அவருடன் நட்புக் கொண்டு, அவருடைய பெயரையும் மதிப்பையும் கல்விப் பணிக்குத் துணையாக்கிக்கொண்டார்கள்.

எழுதிவிட்டால் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. படிக்கத் தெரியாதவன் பத்திரிகையை என்ன செய்வான்? எனவே 1884இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பாடநூல்களும் தாமே எழுதினார்கள். அந்தப் பள்ளி எதிர்பார்த்தபடி ஓங்கவில்லை; சமுதாயத்தின் ஆதரவு போதவில்லை. மனம் கசந்து கண்டியில் தொழிலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள்.

1885இல் அவர்கள் எழுதி வெளியிட்டது ஒரு நாவல். அசன்பே சரித்திரம் என்று இன்று அறியப்படும் அந்நூலை இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்கிறார்கள். தமிழகத்தில் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல்தான் அச்சேறியது. ஆறே ஆண்டுக்குள் கண்டியிலிருந்து ஒரு முஸ்லிம் வக்கீல் அந்தப் புதிய துறையில் கை வைக்கிறார். நம் முன்னோர்கள் புராணமும் மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் பாட்டாகவே பாடிப் பழகியவர்கள். வசனத்தில், அதுவும் கற்பனைக் கதை எழுதுவது அந்தச் சபையில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கும்? ஆனால் கதையை விரும்பிக் கேட்கும் காதுகள் உபதேசத்துக்கு மூடிக்கொள்வதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸனது வாங்கிய ஆண்டு நான் எழுதிய பயான் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ரமளானுக்கு ஒன்று, ரபீஉல் அவ்வலுக்கு ஒன்று, ஹஜ்ஜு மாதத்துக்கு ஒன்று. பத்தாண்டுகளுக்கு மேலாக ஜும்ஆவில் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். முன் ஸஃப்பில் அமரும் பெரியவர் ஒருவருக்கு அடுத்து நான் எந்த ஹதீஸைச் சொல்வேன் என்பதும் மனப்பாடம். சித்தேரிக் கடைக்காரரிடம் எனக்கு நா எழாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். தராசை விட்டு அசையாத அவருக்கும் நோட்டை விட்டு அசையாத எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

மீண்டும் சித்தி லெப்பைக்கு வருவோம். முதற் பள்ளி தொடங்கி எட்டாண்டுகளுக்குப் பின், 1892 ஆகஸ்டில், கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மதரஸத்துஸ் ஸாஹிரா எழுந்தது. இம்முறை அவர்கள் தனியாக நிற்கவில்லை. கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் முன்னின்றார், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் கைகொடுத்தார். அராபி பாஷாவின் ஆதரவும் இருந்தது. முதல் முயற்சியில் தம் தோளில் மட்டும் சுமந்ததை இரண்டாவதில் பலர் தோளுக்கு மாற்றினார்கள். தாமே யாவும் செய்து பழகிய கெட்டிக்காரர்களுக்கு இது மிகக் கடினமான காரியம். அதற்கு நம் ஜமாஅத்துகளில் உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த மதரஸா பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1921 முதல் டி. பி. ஜாயா அதன் அதிபராக இருந்த காலத்தில் நாடறிந்த கல்லூரியாயிற்று.

பெண்பிள்ளைகளையும் அவர்கள் மறக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் கண்டியில் முஸ்லிம் சிறுமியருக்காக ஒரு பள்ளி திறந்தார்கள். கற்பிக்க யார் வருவார் என்று கேட்டவர்களுக்குப் பதிலாகத் தம் சகோதரியையே அப்பணியில் அமர்த்தினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத் தம் வீட்டிலிருந்து தொடங்கியபடியால் எதிர்ப்பவர்களுக்கு வாய் அடைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் பழைய ஓதலை விட்டு விலகியவர்கள் அல்லர். சிலர் புதியது கற்றதும் பழையதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அன்னார் அவ்வாறு செய்யவில்லை. 1892இல் ஞானதீபம் என்ற மாத இதழை நடத்தினார்கள். 1897இல், வாழ்வின் கடைசி முழு ஆண்டில், அஸ்ராறுல் ஆலம் என்னும் ஆன்மிக நூலை வெளியிட்டார்கள். வக்கீல், பத்திரிகையாசிரியர், நாவலாசிரியர், பள்ளி நிறுவனர் என்று நடந்து வந்தவர், ஐம்பத்தொன்பது வயதில் சூஃபி ஞானத்தை எழுதும் மாணவராக மறுபடியும் உட்கார்ந்தார். 1898 பிப்ரவரி 5இல் கண்டியில் வபாத்தானார்கள். அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. 1977இல் இலங்கை அரசு அவர்கள் உருவம் பதித்த தபால் தலை வெளியிட்டது.

இதை எழுதத் தொடங்கும் முன் சித்தேரிக்குப் போன் செய்தேன். பையன் ஒன்பதாம் வகுப்பில் சேர இன்னும் இடம் உண்டா என்று அங்குள்ள பள்ளியில் விசாரிக்கும்படி தகப்பனாரைக் கேட்டுக்கொண்டேன். காலையும் மாலையும் கடையில் இருக்கட்டும், இடையில் பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ஜும்ஆவுக்கு அரூர் வரும்போது நேரில் பேசுகிறேன் ஹஜ்ரத் என்று வைத்துவிட்டார். அந்த ஜும்ஆவுக்கு நோட்டு இல்லாமல் போவதென்று நான் நிய்யத்து வைத்திருக்கிறேன்.