டேவிட் ரைமர்: ஒரு வாழ்வு தரும் பாடம்

மருத்துவத்தால் புகழ் பெற்ற மேதைகளின் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். மருத்துவத்தால் வாழ்வு சிதைந்து, அதனாலேயே உலகம் அறிந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறேன். கனடா நாட்டு டேவிட் ரைமர் என்பாரே அவர்.

1965 ஆகஸ்டு 22 அன்று வின்னிபெக் நகரில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவன் புரூஸ்; இளையவன் பிரையன். சிறுநீர் கழிக்க இடர்ப்பட்டதால், முன்தோலை நீக்கும் அறுவைக்கு அவர்களைக் கொண்டு சென்றனர். மின்கருவியால் சுட்டு நீக்கியபோது புரூசின் ஆணுறுப்பே கருகி அழிந்தது.

கலங்கி நின்ற இளம் பெற்றோர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் மணி என்னும் உளவியல் அறிஞரை நாடினர். குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் பெரும்பாலும் வளர்ப்பாலேயே அமையும் என்பது அவர் கொள்கை. அதன்படி 1967 இல், இரண்டு வயது நிறையுமுன்னரே, புரூசின் விதைகள் அகற்றப்பட்டன. பிரெண்டா என்று பெயர் சூட்டிப் பெண்ணாக வளர்த்தனர். உண்மை குழந்தைக்கு மறைக்கப்பட்டது.

ஒத்த உருவுடைய தம்பி ஒருவன் ஆணாகவே வளர்ந்ததால், மணிக்கு இது கிடைத்தற்கரிய சோதனை ஆயிற்று. 1972 முதல் இதனைப் பெருவெற்றி என்றே எழுதிவந்தார். பிரெண்டாவோ பெண்ணுடையை வெறுத்தாள். பள்ளியில் கேலிக்கு ஆளானாள். மணியிடம் மீண்டும் போக மறுத்தாள். ஏட்டில் வெற்றி, வீட்டில் கண்ணீர்!

1980 இல் தந்தை உண்மையைச் சொன்னார். பதினான்கு வயதில் டேவிட் என்ற பெயரைத் தாமே தேர்ந்து, அவர் ஆணாக வாழத் தொடங்கினார். பின்னர் மணமும் புரிந்தார். 1997 இல் மில்டன் டயமண்ட், கீத் சிக்மண்ட்சன் ஆகியோர் நடந்ததை வெளியிட்டனர். பிறர்க்கு இக்கதி நேரலாகாது என்று டேவிட்டும் தம் பெயரை மறைக்காமல் முன்வந்தார். ஆயினும் பட்ட புண் ஆறவில்லை. தம்பியையும் இழந்து, 2004 மே 4 அன்று, 38 ஆம் வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பிறந்த உடலே எல்லாம் என்று இவ்வாழ்வைக் கொண்டு முடிவு கட்டுவோரும் உண்டு. அது பிழை என்பது என் கருத்து. பிறந்தபோது பிறர் இட்ட பாலுக்கு மாறாகத் தம்மை உணர்வோர் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கும் டேவிட்டுக்கும் பொதுவானது ஒன்றே: தம்மை அறியும் உரிமை பிறர் கைக்குப் போனது. நோயை மட்டுமன்றி நோயாளியின் நிலையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். அதைத்தான் மணி மறந்தார்.

இப்பாடத்தை நம் மாநிலம் ஏற்றிருக்கிறது. ஆண், பெண் என்று திட்டமாகப் பகுக்க இயலாத உடலோடு பிறக்கும் ஊடுபால் குழந்தைகளுக்குப் பாலைத் திருத்தும் அறுவை கூடாதென 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அதனைத் தடை செய்து, அவ்வாண்டே தமிழக அரசு ஆணையிட்டது.

தருமபுரி மாவட்டத்தாராகிய நமக்கு இது அயலார் கதையன்று. பிறந்த சிசு பெண் என்று கேட்டதும் அதன் விதியைப் பெரியவர்கள் முடித்த கொடுமை இம்மண்ணிலும் நிகழ்ந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கு வந்ததும் அதனாலேயே. நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், பெற்றோராவோம். ஒரு குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லும்போது, முடிவெடுக்கும் முன் காது கொடுப்போமாக!