பன்றி மேய்ந்த இடத்தில் ஒரு பூங்கா

மலருக்கு ஏதாவது எழுதுப்பா என்று செட்டு நண்பர்கள் கேட்டதும், ஒரு கல்லூரி வாத்தியாரைப் பற்றி எழுதலாம்னு தோணிச்சு. நம்ம கல்லூரி வாத்தியார் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தாவரவியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் பியர்சன். மெக்கானிக்கல் படித்த எனக்குச் செடி கொடியெல்லாம் தூரம். வேலை விஷயமாக அந்த ஊரில் தங்கியபோது, கிர்ஸ்டன்போஷ் தேசியத் தாவரவியல் பூங்காவில் அவர் கல்லறையைப் பார்த்துத்தான் யார் இவர்னு விசாரிச்சேன்.

1870இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இலங்கை மலைநாட்டின் பத்தனா புல்வெளிகளை ஆராய்ந்து 1899இல் கட்டுரை வெளியிட்டார். லண்டன் கியூ பூங்காவில் வேலை பார்த்துவிட்டு 1903இல் கேப் டவுன் போனார். அடுத்த வருஷமே வெல்விட்சியா செடியைத் தேடி நமீப் பாலைவனத்துக்குக் கிளம்பிட்டார். ஆயுள் முழுக்க இரண்டே இலையோடு, ஆயிரம் வருஷத்துக்கு மேலும் வாழும் செடி அது. ஹெரேரோ மக்களின் போர் மூண்டதால் பாதியில் திரும்ப வேண்டியதாச்சு. மனுஷன் விடவில்லை, 1907இல் மறுபடியும் போனார்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் தாவரத் தோட்டம் என்றால் ரப்பர், சிங்கோனா மாதிரி காசு தரும் பயிர்களை நாடுவிட்டு நாடு பரப்புகிற இடம். பியர்சனோ, அந்த மண்ணின் செடிகளுக்காகவே ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று 1910இல் வாதாடினார். 1911இல் டேபிள் மலைச் சரிவில் இடம் கிடைத்தது. செசில் ரோட்ஸ் நாட்டுக்கு எழுதிவைத்த நிலம். கேட்பாரில்லாமல் புதர் மண்டி, ஓக் கொட்டை தின்று பன்றிகள் திரிந்தன.

1913 ஜூலை 1இல் பூங்கா பிறந்தது. அரசாங்கம் தந்தது வருஷத்துக்கு 1000 பவுன். போதாததால் விறகும் ஓக் கொட்டையும் விற்றுச் சமாளித்தார்கள். இயக்குநர் பியர்சனுக்குச் சம்பளமே கிடையாது! (பட்ஜெட் பத்தலைன்னு புலம்பும் நம்ம புராஜெக்ட் ஆட்கள் கவனிக்க.) முதலில் நட்டது சைகாட் வகைகள். பார்க்கக் குட்டைத் தென்னை மாதிரி இருக்கும், டைனோசர் காலத்து வம்சம். மூன்றே வருஷம்தான். 1916 நவம்பரில் நிமோனியா வந்து, 46 வயதில் போய்விட்டார். சைகாட்களுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அங்கே நட்ட மரம் என்னவோ வெளிநாட்டு அட்லஸ் செடார்!

அவர் வேலையின் பலன் பின்னால் தெரிந்தது. கேப் சமவெளியில் பூத்த எரிக்கா வெர்டிசில்லாட்டா, நகரம் பெருகியதில் இயற்கை இடங்களில் அடியோடு அழிந்துபோனது. 1984இல் பிரிட்டோரியா பூங்கா ஒன்றில் ஒரு செடி அகப்பட்டது. அப்புறம் கிர்ஸ்டன்போஷிலேயும் கியூவிலும் பழைய செடிகள் கிடைத்தன. குச்சி வெட்டி வேர்பிடிக்க வைத்து, ராண்டெவ்லே சரணாலயத்தில் மறுபடி நட்டார்கள். வெவ்வேறு இடத்துச் செடிகள் என்பதால் ஒன்றோடொன்று கலந்து விதை பிடிக்கவும் வழி பிறந்தது.

சைகாட்களுக்கு வந்த ஆபத்து வேற மாதிரி. 2014இல் திருடர்கள் பூங்காவுக்குள்ளேயே புகுந்து 24 செடிகளைப் பெயர்த்துக்கொண்டு போய்ட்டாங்க. காட்டில் நூறுகூட மிச்சமில்லாத இனம் அது.