2-க்குப் பின்னால் 30 பூஜ்யம்: கப்பலில் நட்சத்திரக் கணக்குப் போட்ட 19 வயது சென்னை இளைஞர்

செல்போன் கால்குலேட்டரில் பெரிய பெரிய எண்களைப் பெருக்கினால், விடையின் நடுவில் திடீரென ஆங்கில ‘இ’ எழுத்து வந்து நிற்கும். அது எரர் இல்லை. 2, அடுத்து ‘இ’, அடுத்து 30 என்று காட்டினால், 2-க்குப் பிறகு 30 பூஜ்யம் என்று அர்த்தம். 9-ம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் ‘அறிவியல் குறியீடு’ என்று வருவதும் இதேதான். அங்கே 2 × 10³⁰ என்று எழுதுவாங்க. சூரியனின் நிறை கிட்டத்தட்ட இத்தனை கிலோ.

இப்படிப்பட்ட எண்களோடு வாழ்ந்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே தணிக்கைத் துறையில் வேலை. 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். சர் சி.வி. ராமன் இவருக்குச் சித்தப்பா.

1930 ஜூலை 31. மும்பையிலிருந்து கப்பல் ஏறினார், கேம்பிரிட்ஜில் மேல்படிப்புக்காக. வீட்டில் அம்மா சீதாலட்சுமி உடம்பு முடியாமல் இருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அம்மா அவர். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மகன் அப்போது இங்கிலாந்தில்.

கப்பலில் அவர் யோசித்தது ‘வெண் குள்ளன்’ நட்சத்திரங்களைப் பற்றி. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கிக் கெட்டியாகிவிடும். எவ்வளவு கெட்டி? ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10⁹ கிலோ. ஒரு டீஸ்பூன் என்பது 5 × 10⁻⁶ கன மீட்டர். இரண்டையும் பெருக்க, மேலே உள்ள அடுக்குகளைக் கூட்டினால் போதும்: 9-லிருந்து 6 போனால் 3. ஆக 5 × 10³ கிலோ, அதாவது 5 டன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லாரியில் ஏற்றுகிற லோடு ஒரு டீஸ்பூனுக்குள்! அடுக்கில் ஒன்று தப்பினாலும் விடை 10 மடங்கு மாறிடும், கவனம்.

இவ்வளவு நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும். அந்த வேகம் நொடிக்கு 3 × 10⁸ மீட்டர். அப்படியானால் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்கணுமே என்று 19 வயது சந்திரசேகர் சேர்த்துப் பார்த்தார். ஒருபக்கம் 10⁻²⁷ கிலோ அளவில் இருக்கும் புரோட்டான், மறுபக்கம் 10³⁰ கிலோ நட்சத்திரம். இரண்டும் ஒரே சமன்பாட்டில். பூஜ்யங்களை எழுதிக்கொண்டிருந்தால் கப்பல் கரை சேர்ந்திருக்கும், கணக்கு சேர்ந்திருக்காது.

விடை: வெண் குள்ளனுக்கு ஓர் உச்ச எடை உண்டு. முதலில் அவர் வெளியிட்டது சூரியனைப் போல 0.91 மடங்கு. நட்சத்திரத்தின் உட்பொருள் பற்றிய அனுமானம் திருத்தப்பட்ட பிறகு அது சுமார் 1.4 மடங்கு ஆனது. அதாவது 2.8 × 10³⁰ கிலோ. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்காமல் உள்ளுக்குள் சரியும். நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை எல்லாம் இந்த எல்லைக்கு அப்பால் வருபவை.

1935 ஜனவரி 11-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். சந்திரசேகர் கல்லூரியில் பரிசாக வாங்கி, கரைத்துக் குடித்த புத்தகத்தை எழுதியவரே அவர்தான்! நட்சத்திரம் அப்படிச் சரிய இயற்கை விடாது, கணக்கின் அடிப்படையே தவறு என்று எல்லார் முன்பும் கேலி செய்தார். அந்தக் காலத்தில் எடிங்டனை எதிர்த்துப் பேச யாரும் முன்வரவில்லை. சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய், வேறு ஆய்வுகளில் இறங்கிவிட்டார்.

நோபல் பரிசு வந்தது 1983-ல். கப்பல் கணக்கு முடிந்து 53 வருஷம் கழித்து. 1995 ஆகஸ்ட் 21-ல் சிகாகோவில் காலமானார்.

1999-ல் நாசா ஏவிய எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் ‘சந்திரா’. அவர் கணக்கில் சொன்ன அதே சரிந்த நட்சத்திரங்களையும் அது படம் பிடிக்கிறது, பூமியிலிருந்து அதிகபட்சமாகச் சுமார் 1.39 × 10⁵ கிலோமீட்டர் தொலைவு வரை போய் வந்தபடி.