பாழடைந்த படகில் பாரைச் சுற்றிய தீரர்

உலகத்தைத் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் முதன்முதல் சுற்றி வந்தவர் ஜோசுவா ஸ்லோகம். அவருக்குத் துணையாக ஒரு மாலுமிகூட இல்லை. படகில் இயந்திரமும் இல்லை. படகாவது புதிதா என்றால் அதுவும் இல்லை. புல்வெளியில் கேட்பாரற்றுக் கிடந்த கிழட்டுப் படகு!

அதைத் தம் கையாலேயே புதுப்பித்தார். வேண்டிய சாமான்களைச் சேர்த்துக்கொண்டு 46,000 மைல் பிரயாணம் செய்து திரும்பினார்.

செருப்புத் தைத்த சிறுவன்

1844-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியாவில் ஸ்லோகம் பிறந்தார். தகப்பனார் பயிர்த்தொழிலை விட்டுப் பூட்சு தைக்கும் தொழிலுக்கு வந்தவர். மகனையும் பட்டறையில் உட்கார வைத்தார். பையனின் மனமோ கடலில் இருந்தது.

ஒருநாள் ஒளித்து வைத்து ஒரு விளையாட்டுக் கப்பல் செய்தான். தகப்பனார் பார்த்துவிட்டார். கப்பல் சுக்குநூறாயிற்று. ஆனால் பையனின் ஆசை உடையவில்லை.

14 வயதில் வீட்டை விட்டு ஓடி, ஒரு மீன்பிடிப் படகில் சமையற்காரனாகச் சேர்ந்தான். அவன் செய்த முதல் பலகாரத்தைக் கண்டதுமே படகோட்டிகள் அவனைச் சமையலறையிலிருந்து விரட்டிவிட்டார்கள்!

சமையல் வராவிட்டாலும் கப்பல் தொழில் வந்தது. 25 வயதில் ஸ்லோகம் காப்டன் ஆனார். 1871-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கணவருடன் கப்பலிலேயே குடித்தனம் நடத்தினார். பிள்ளைகளும் கடலிலும் துறைமுகத்திலுமாகப் பிறந்து வளர்ந்தார்கள்.

அடிமேல் அடி

1884-ல் பேரிடி விழுந்தது. கப்பல் அர்ஜெண்டினா நாட்டுக் கரையருகே நின்றபோது வர்ஜீனியா நோயுற்றுக் காலமானார்.

1887-ன் இறுதியில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணல்திட்டில் மோதி, அவருடைய சொந்தக் கப்பலும் அழிந்தது. அதற்கு இன்ஷூரன்ஸ் இல்லை. வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதும் தண்ணீரோடு போயிற்று.

ஸ்லோகம் உட்கார்ந்து அழவில்லை. 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டி, இரண்டாவது மனைவியையும் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு 1888-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அங்கே அவருக்கு வேலை இல்லை. அது நீராவிக் கப்பல்களின் காலம். பாய்க்கப்பல் காப்டனை யாரும் சீந்தவில்லை.

புல்வெளியில் ஒரு படகு

1892-ல் குளிர்காலத்தில் ஒரு நாள், ஈபன் பியர்ஸ் என்ற பழைய திமிங்கில வேட்டைக் காப்டனை ஸ்லோகம் சந்தித்தார். தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், அதைச் சும்மாவே கொடுப்பதாகவும், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டும் என்றும் பியர்ஸ் சொன்னார்.

ஸ்லோகம் ஆவலோடு பேர்ஹேவன் என்ற ஊருக்குப் போனார். அங்கே கடலுக்குச் சற்றுத் தூரத்தில், புல்வெளியில் முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திய ஒரு படகு, கித்தான் போர்த்திக் கிடந்தது. பெயர் ஸ்ப்ரே. ஏழு ஆண்டுகளாக அதை யாரும் தொடவில்லை.

அதை உடைத்து விறகாக்கப் போகிறாரா என்று ஊரார் கேட்டார்கள். இல்லை, புதுப்பிக்கப் போகிறேன் என்றார் ஸ்லோகம். இது கட்டுபடியாகுமா என்பதே ஊரில் எல்லாருடைய கேள்வியாகவும் இருந்தது.

மரத்துக்கு மரம்

நம் நாட்டில் தேக்கு எப்படியோ, அந்த நாட்டில் கப்பலுக்கு ஓக் மரம் அப்படி. அருகிலிருந்த ஓக் மரத்தை வெட்டி, படகின் முதுகெலும்பான அடிமரத்தைச் செய்தார். இளமரங்களைச் செதுக்கி, நீராவியில் வேகவைத்து, இளகியதும் வளைத்து விலாக்கட்டைகள் ஆக்கினார். அவற்றின்மேல் ஒன்றரை அங்குலக் கனமுள்ள பைன் பலகைகளை ஆணியிட்டுப் பொருத்தினார்.

பலகை இடுக்குகளில் முதலில் பருத்தித் திரியும், அதன்மேல் சணல் நாரும் திணித்துக் கலப்பற்று அடித்தார். கடற்புழு மரத்தைத் துளைக்காதபடி அடிப்புறத்தில் தாமிரச் சாயம் இரண்டு பூச்சு பூசினார்.

பழைய கட்டை ஒன்றை எடுப்பதும் அந்த இடத்தில் புதியதை வைப்பதுமாக, கடைசியில் பழைய படகில் பெயர்தான் மிஞ்சிற்று!

மரத்தின் அருமை கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குத் தெரியாததல்ல. அந்த ஊர் மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடித்தவர்களுக்கு ஸ்லோகம் பட்ட பாடு விளங்கும். சிற்பத்தில் பிசகினால் ஒரு கட்டை வீண். படகில் பிசகினால் உயிரே போய்விடும்.

வேலை 13 மாதம் நடந்தது. ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். தண்ணீரில் இறக்கியதும் அது அன்னம்போல் மிதந்தது.

ஒரு பருவம் அதில் மீன் பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம் தமக்கு இல்லை என்று கண்டுகொண்டார். பிறகுதான் உலகத்தையே சுற்றிவரத் துணிந்தார்.

ஏற்றிய சாமான்கள்

கூட மாட ஒத்தாசை செய்ய ஆள் இல்லாதவன், ஒருவன் தூக்கக்கூடியதையே ஏற்ற வேண்டும். கரைக்குப் போய்வர ஒரு தோணி தேவைப்பட்டது. முழுத் தோணியைத் தளத்தில் வைக்க இடமில்லை. தனியாகத் தூக்கவும் முடியாது. ஸ்லோகம் ஒரு பழைய தோணியை வாங்கி, ரம்பத்தால் பாதியாக அறுத்து, அறுத்த முனையைப் பலகையால் அடைத்தார். அதுவே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டியும் ஆயிற்று!

கடலில் இருக்கும் இடத்தை அறியச் சரியான கடிகாரம் வேண்டும். அவரிடமிருந்த நல்ல கடிகாரத்தைச் சுத்தம் செய்து சரிபார்க்க 15 டாலர் கேட்டார்கள். அதை விட்டுவிட்டு ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. சூரியனையும் சந்திரனையும் அளந்து கணக்கிடும் வித்தை அவர் தலையில் இருந்தது. கடிகாரத்தின் குறையை அது ஈடு செய்தது.

கிளாஸ்டர் துறைமுகத்து மீனவர்கள் உலர்ந்த மீன் கொடுத்தார்கள். கொந்தளிக்கும் அலையை அடக்க ஊற்றுவதற்கு ஒரு பீப்பாய் எண்ணெயும் கொடுத்தார்கள். படிக்கப் புத்தகங்களும் ஏறின.

தனிமைக் கடலில்

1895 ஏப்ரல் 24-ந் தேதி நண்பகல், பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஸ்லோகம் பாய் விரித்தார். அப்போது அவருக்கு வயது 51. அவருக்கு நீந்தத் தெரியாது!

அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிளம்ஸ் பழமும் பாலாடைக் கட்டியும் சேர்த்துத் தின்று, வயிற்று வலியால் சுருண்டு விழுந்தார். புயலோ உறுமியது. ஜுர மயக்கத்தில், கொலம்பஸின் மாலுமி ஒருவன் வந்து சுக்கான் பிடிப்பதுபோல் கண்டார். விழித்துப் பார்த்தால் படகு வழி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அதுதான் ஸ்ப்ரேயின் குணம். பாயைச் சீராக வைத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், அது தன் பாட்டில் செல்லும். பின்னர் இந்து மகா சமுத்திரத்தில், தேர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுவரை 2,700 மைலை 23 நாளில் கடந்தது. அத்தனை நாளிலும் ஸ்லோகம் சுக்கானில் நின்றது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை.

வழியிலும் அவர் படகைத் திருத்திக்கொண்டே போனார். தென் அமெரிக்காவின் முனையில் வீசும் புயலை நினைத்து, பாய்மரத்தில் ஏழு அடியை வெட்டிக் குறைத்தார். அங்கே ஒரு நண்பர் பை நிறையச் சிறு ஆணிகள் கொடுத்திருந்தார். இரவில் அவற்றைத் தளத்தில் பரப்பிவிட்டுத் தூங்கினார். வெறுங்காலோடு படகில் ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தார்கள்!

இடைஞ்சல் வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் அன்போடு ஓர் ஆட்டைக் கொடுத்தார். அந்த ஆடு கரீபியன் கடலின் வரைபடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த தீவில் ஆட்டை இறக்கிவிட்டார்.

1898 ஜூன் 27-ந் தேதி, அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சினார். 3 ஆண்டு 2 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. படகில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. அவர் உடல் எடையோ ஒரு பவுண்டு கூடியிருந்தது!

பிறகு பேர்ஹேவனுக்கே போய், படகை முதன்முதல் தண்ணீரில் இறக்கிய இடத்தில், அதே முளையில் கட்டினார்.

மறைவு

தம் பிரயாணத்தை அவர் எழுதிய நூல் 1900-ல் வெளிவந்தது. பெரும் புகழ் பெற்றது. ஒரு தீவில் நிலம் வாங்கிக் குடியேறியும் பார்த்தார். கடல் விடவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பின், தென் அமெரிக்காவின் ஓரினோகோ நதியைக் காணத் தனியாகப் புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை, ஸ்ப்ரேயும் திரும்பவில்லை. அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் 1924-ல் தீர்ப்பளித்தது. 1909 நவம்பர் 14 அவரது மறைவு நாளாகக் கொள்ளப்பட்டது.

அவர் காட்டிய வழியில் பலர் சென்றார்கள். 2009-10-ல் இந்தியக் கடற்படையின் திலீப் தோந்தே, கோவாவில் கட்டிய பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றினார். இந்தியர்களில் அவரே முதல்வர்.

கல்வராயன் மலையடிவாரத்துக் குடியானவர், மழைக்கு முன்பே கலப்பையைச் செப்பனிட்டு வைக்கிறார். ஸ்லோகம் கடலில் செய்ததும் அதுதான். கையில் பணமில்லை, படகோ பழையது, வயதும் ஏறிவிட்டது. ஆனாலும் ஒவ்வோர் ஆணியும் அவர் கையால் அறைந்தது. நடுக்கடலில் புயல் அடித்தபோது அவரைத் தூங்க வைத்தது அந்த நம்பிக்கைதான்.