கிங் ஜில்லெட் சரித்திரச் சுருக்கம்

பாலக்கோட்டுக் கடைத்தெருவில் க்ஷவரத் தொழிலாளி மெல்லிய பிளேடு ஒன்றை இரண்டாக ஒடித்துத் தம் கத்தியிற் பொருத்துவதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். மழுங்கிய அலகை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டும் இம்முறை வைத்தியசாலையிலும் உண்டு. பிடி வேறு, அலகு வேறு என அமைந்த சத்திரக் கத்திக்கு மார்கன் பார்க்கர் என்னும் அமெரிக்கர் 1915-ஆம் ஆண்டில் பேடண்ட் என்னும் தனியுரிமை பெற்றார். அவருக்கு முன்பே எறியத்தக்க அலகை உலகெங்கும் பரப்பியவர் கிங் காம்ப் ஜில்லெட். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்திற் பிறந்தார். 1871-இல் சிக்காகோ நகரை எரித்த பெருந்தீயில் இவர் குடும்பத்தின் பொருளெல்லாம் அழிந்தது. ஆகவே இளமையிலேயே ஊர் ஊராய்ச் சென்று சரக்கு விற்கும் தொழிலை மேற்கொண்டார். புட்டி மூடிகளை ஆக்கிய வில்லியம் பெயின்டர் என்பார், ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் பொருளொன்றைக் கண்டுபிடிக்குமாறு இவருக்கு அறிவுரை கூறினார்.

1895-இல் ஒரு நாட்காலை க்ஷவரம் செய்துகொள்ளுங்கால் அத்தகைய பொருள் இவர் கருத்தில் உதித்தது. ஆயினும் காகிதம்போன்ற எஃகுத் தகட்டைக் கூராக்குதல் இயலாதென வல்லுநர் பலர் கைவிட்டனர். வில்லியம் நிக்கர்சன் என்னும் எந்திர நூலறிஞரே அதனைச் செய்து முடித்தார். 1903-இல் விற்ற ரேஸர்கள் 51 மாத்திரமே. அடுத்த ஆண்டிலோ 90,000-க்கும் மேற்பட்டன. 1904 நவம்பர் 15-இல் ஜில்லெட்டுக்குப் பேடண்ட் கிடைத்தது.

இங்கே வியப்பொன்று உண்டு. வியாபாரப் போட்டியே மக்கட் துன்பத்தின் வேர் என்றும், தொழில்கள் யாவும் மக்கள் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்றும் 1894-இல் நூலெழுதியவர் இவர். அவரே, பிறர் எவரும் செய்யவொண்ணாத தனியுரிமையாற் பெருஞ் செல்வரானார்.

அவ்வுரிமை 1921-இல் முடிவுற்றது. 1930-இல் அவருடைய கம்பெனி புதுவகை அலகொன்றை வெளியிட்டது. ஹென்றி கெய்ஸ்மன் என்பாரின் ஆட்டோஸ்டிராப் கம்பெனி, அவ்வமைப்புத் தன் பேடண்டுக்கு உட்பட்டதென வழக்கிட்டது. வழக்கு இரு கம்பெனிகளும் ஒன்றாய் இணைவதில் முடிந்தது. இணைப்பின்போது கணக்கை ஆராய்ந்ததில், ஜில்லெட் கம்பெனி ஐந்தாண்டுகளாக இலாபத்தை ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் டாலர் மிகுத்துக் காட்டியமை வெளியாயிற்று. பங்குகளின் விலை சரிந்தது. ஆட்சி கெய்ஸ்மன் கைக்குச் சென்றது. ஜில்லெட் 1931-இல் தலைமையினின்று விலகி, 1932 ஜூலை 9-ஆம் நாள், செல்வம் பெரும்பாலும் இழந்த நிலையிற் காலமானார்.

அவருடைய அலகு இருபுறமும் கூருடையது. பேடண்டும் அத்தன்மையதே. புதியது காண்பானின் உழைப்பை அது காக்கும். காத்த உரிமை பிறர் கைப்பட்டபோது அவனையே அறுக்கும். ஜில்லெட்டை உயர்த்தியதும் பேடண்டே, அவருடைய கம்பெனியைப் பிறர்க்கு உரியதாக்கியதும் பேடண்டே. நிக்கர்சனின் கைத்திறன் இன்றேல் அவருடைய எண்ணம் எண்ணமாகவே நின்றிருக்கும் என்பதையும் நம் கல்லூரி மாணவர் மறவாதிருப்பாராக.