நெடுவழியில் ஒரு பட்டறை

பழுதாகி நின்ற ஊர்தியைச் சாலையோரத்திலேயே பிரித்துப் பார்த்து, கைக்குக் கிடைத்த பொருளால் சரிசெய்து, மீண்டும் ஓட்டிச் செல்லும் வழக்கம் மகிழுந்து தோன்றிய காலத்திலேயே தோன்றிவிட்டது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியில், அதனைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் பெர்த்தா பென்ஸ். மகிழுந்தை உருவாக்கிய கார்ல் பென்சின் மனைவி என்ற அளவிலேயே உலகம் அவரை நெடுநாள் அறிந்திருந்தது. ஆனால், அவர் இல்லையேல் அந்த ஊர்தி பட்டறைச் சுவர்களைத் தாண்டியிருக்குமா என்பது ஐயத்திற்குரியதே.

பெர்த்தா 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், பொன்னணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற போர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரிங்கர் தச்சுத் தொழிலில் தொடங்கிக் கட்டடப் பணிகளால் செல்வம் சேர்த்தவர். மகள் பிறந்த நாளைக் குடும்ப விவிலிய நூலில் குறித்தபோது, இம்முறையும் பெண்ணாகிவிட்டதே என்ற மனக்குறையையும் சேர்த்து எழுதினார் என்பர். அவ்வெழுத்தைப் பின்னாளில் படிக்க நேர்ந்த சிறுமியின் நெஞ்சில் அது ஆழப் பதிந்தது. எந்திரங்களின் இயக்கத்தை அறிவதில் அவருக்கு இளமையிலேயே ஆர்வம் மிகுந்திருந்தது. அந்நாளில் பெண்களுக்கு உயர்கல்வியின் கதவுகள் திறந்திருக்கவில்லை.

கார்ல் பென்ஸ் திறமைமிக்க பொறியாளர். கையில் பொருளும் இல்லை, வணிகத் திறனும் இல்லை. 1871இல் மன்ஹைம் நகரில் கூட்டாளி ஒருவருடன் அவர் தொடங்கிய பட்டறை, அக்கூட்டாளியால் விரைவிலேயே நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அப்போது பெர்த்தா செய்த செயல் துணிவானது. திருமணத்திற்குப் பின் தமக்குக் கிடைக்கவேண்டிய சீதனத்தைத் தந்தையிடம் முன்னதாகவே கேட்டுப் பெற்று, கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கக் கொடுத்தார். திருமணம் 1872 ஜூலை 20ஆம் நாள் நிகழ்ந்தது. மணமான பெண்ணின் பணம் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டது என்பது அக்காலச் சட்டம். ஆகவே, பட்டறையின் முதலீட்டில் பெர்த்தாவின் பொருள் இருந்தது. பட்டறையின் பெயரில் அவர் இல்லை.

அதன்பின் வந்த ஆண்டுகள் எளியவையாக இல்லை. 1877இல் கடனுக்காகப் பட்டறைக் கருவிகள் பறிமுதல் செய்யப்பட்டன. வீட்டில் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தனர். கார்ல் தம் முழு நம்பிக்கையையும் ஈரடிச் சுழற்சிப் பொறி ஒன்றின்மீது வைத்திருந்தார். அதுவோ இயங்க மறுத்தது. 1879ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவு, உணவை முடித்தபின், மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவர் பெர்த்தா. அன்றிரவு பொறி ஓடியது. அதன் சீரான ஒலியைக் கேட்டவாறே இருவரும் நெடுநேரம் நின்றிருக்க, வெளியே புத்தாண்டு மணிகள் ஒலித்தன.

எந்திரம் சோர்ந்தபோது அதை உருவாக்கியவரும் சோர்ந்துபோவார். மனைவி மட்டும் சோர்வதில்லை. இந்நிலை பலமுறை நிகழ்ந்தது. அதைவிட முதன்மையான உண்மை ஒன்றுண்டு. அவ்வாண்டுகளில் பெர்த்தா பட்டறையை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். எந்தக் குழாயில் எரிபொருள் வருகிறது, எந்தக் கம்பியில் மின்சாரம் பாய்கிறது, எந்த ஒலி நல்லது, எந்த ஒலி கோளாற்றின் அறிகுறி என்பதையெல்லாம் கூடவே இருந்து கற்றார். பின்னாளில் வழியில் அவருக்குக் கைகொடுத்தது இக்கல்வியே.

1885இல் மூன்று சக்கர ஊர்தி உருவாயிற்று. 1886 ஜனவரி 29இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. இருக்கைக்குப் பின்னே ஒற்றை உருளைப் பொறி ஒன்று. அதன் விசையைத் தோல்வார் ஓர் அச்சுக்குக் கடத்தும். அங்கிருந்து இரு சங்கிலிகள் பின்சக்கரங்களைச் சுழற்றும். மின்கலமும் கம்பிச்சுருளும் சேர்ந்து தீப்பொறியைத் தரும். பொறியின் வெப்பத்தைத் தணிக்கும் நீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். இத்தகைய வண்டி மன்ஹைம் தெருக்களில் சிறிது தொலைவு ஓடும், பிறகு நிற்கும். கண்டவர் வியந்தனர், வாங்க முன்வரவில்லை. நிலைப்பொறிகளை விற்றுப் பொருளீட்டிய பங்காளிகளுக்கும் இவ்வூர்தியில் நாட்டமில்லை. கார்லோ இன்னும் ஒரு திருத்தம், இன்னும் ஒரு திருத்தம் என்று காலம் கடத்தினார். குறையே இல்லாத வண்டியைத்தான் வெளியே அனுப்புவது என்பது அவர் எண்ணம். வழியில் குறை தோன்றினால் வழியிலேயே நீக்கிக்கொள்ளலாம் என்பது பெர்த்தாவின் எண்ணம். எது சரியென்று பட்டறைக்குள் இருந்துகொண்டு முடிவு செய்ய இயலாது.

பள்ளி விடுமுறைக் காலம். போர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாயைக் காணச் செல்வது என்று பெர்த்தா முடிவு செய்தார். தொலைவு ஏறத்தாழ 105 கிலோமீட்டர். வழக்கம்போலத் தொடர்வண்டியில் செல்லாமல், விடியற்காலையில் கார்ல் உறங்கிக்கொண்டிருக்கும்போதே, மகன்கள் ஆய்கன், ரிச்சர்டு ஆகியோரின் துணையுடன் மூன்றாம் படிவ ஊர்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஆய்கனுக்கு வயது 15. ரிச்சர்டு அவனினும் இளையவன். உள்ளெரி பொறியால் இயங்கும் ஊர்தி எதுவும் அதுவரை அவ்வளவு தொலைவு சென்றதில்லை. சாலைகள் குதிரை வண்டிகளுக்காக அமைந்தவை. எரிபொருள் விற்கும் கடை உலகில் எங்கும் இல்லை. பழுது பார்ப்பவரும் இல்லை.

எரிபொருள்தான் முதல் இடையூறு. வண்டியில் கொள்ளக்கூடியது நான்கரை லிட்டர் அளவே. லிக்ரோயின் எனப்படும் அவ்வெண்ணெயைத் துணியின் கறை போக்க மக்கள் மருந்துக் கடைகளில் சிறு புட்டிகளில் வாங்குவது வழக்கம். வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடைக்கு முன் வண்டி நின்றது. மருந்தாளுநர் தம்மிடமிருந்த லிக்ரோயினைக் கொடுத்தார். கறை நீக்கும் எண்ணெயை இத்தனை மிகுதியாகக் கேட்ட பெண்மணியை அவர் எப்படி நோக்கியிருப்பார் என்பதை எளிதில் கற்பனை செய்யலாம். நீரின் தேவை அதனினும் அடிக்கடி நேர்ந்தது. கிணறு, ஓடை, விடுதி என வழியில் கண்ட இடமெல்லாம் நீர் நிரப்பிக்கொண்டனர்.

பின்னர் எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. எண்ணெயில் கலந்திருந்த மாசு குறுகிய துளையில் தங்கிவிட்டால் பொறிக்கு உணவு செல்லாது. அதைக் குத்தி நீக்க மெல்லியதும் நீண்டதும் வளையாததுமான ஒரு கருவி வேண்டும். அக்காலப் பெண்கள் தொப்பியைக் கூந்தலுடன் பிணைக்க நீண்ட எஃகு ஊசியைச் செருகியிருப்பர். பெர்த்தா தம் தொப்பி ஊசியை உருவி, துளையைத் துப்புரவு செய்தார். பொறி மீண்டும் இயங்கியது.

அடுத்த பழுது கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ஓயாத அதிர்வில் மின்கம்பி ஒன்று உராய்ந்து, அதன் மேலுறை தேய்ந்துவிட்டது. உறை நீங்கிய கம்பி இரும்பைத் தொட்டால் மின்சாரம் வேறுவழியில் கசியும், தீப்பொறி பிறக்காது. பொறி நின்றதற்குக் காரணம் எரிபொருள் அன்று, மின்சாரமே என்று கண்டறிவதுதான் இங்கே கடினம். கண்டபின் தீர்வு எளிது. காலுறை நழுவாதிருக்கக் கட்டும் மீள்பட்டையைக் கழற்றிக் கம்பியின்மேல் சுற்றினார். ஊசிக்கும் பட்டைக்கும் கிடைத்த புகழில் பாதியேனும் கோளாற்றைக் கண்டறிந்த அறிவுக்குக் கிடைக்கவில்லை. இச்செய்திகளைப் பென்ஸ் குடும்பத்தாரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

தம்மால் இயலாததைத் தொழிலறிந்தவரிடம் கொடுக்கவும் அவர் தயங்கவில்லை. புருக்சால் நகரில் கொல்லர் ஒருவர் சங்கிலியைச் சீர்செய்து தந்தார். மேடுகளில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஊர்தியின் இரு வேகநிலைகளும் ஏற்றத்திற்குப் போதவில்லை. மகன்கள் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. இறக்கங்களிலோ இதற்கு மாறான துன்பம். தடைக்கட்டைகள் உராய்ந்து உராய்ந்து தேய்ந்து பிடிமானத்தை இழந்தன. பெர்த்தா செருப்புத் தைப்பவர் ஒருவரை நாடி, கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். தேய்ந்தால் தோல் தேயும், தோலை மாற்றிக்கொள்ளலாம், கட்டை நிலைக்கும். இன்று ஊர்திகளின் தடை அமைப்பில் தேயத்தேய மாற்றப்படும் உராய்வுப் பூச்சுக்கு இதுவே முன்னோடி எனலாம்.

பொழுது சாய்ந்தபின் புழுதி படிந்த மூவரும் போர்ட்ஸ்ஹைம் வந்தடைந்தனர். வந்து சேர்ந்த செய்தி தந்தி வழியே கார்லுக்குப் பறந்தது. சில நாள் கழித்து வேறொரு வழியாக, அதே ஊர்தியில், மன்ஹைம் திரும்பினர்.

பெர்த்தா கொண்டுவந்தது வெற்றிச் செய்தி மட்டுமன்று, குறைகளின் பட்டியலும்கூட. ஏற்றத்திற்கு மற்றொரு வேகநிலை வேண்டும். தடைக்கட்டைக்குத் தோல் வேண்டும். பட்டறையில் ஆண்டுக்கணக்கில் இழைத்தும் புலப்படாதவை நெடுவழியில் ஒரு பகலில் புலப்பட்டன. கார்ல் அவற்றை ஏற்றுக்கொண்டு ஊர்தியைத் திருத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் அவ்வூர்தி தங்கப் பதக்கம் பெற்றது. விற்பனை உடனே பெருகிவிடவில்லை. அதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1899இல் பென்ஸ் நிறுவனம் ஓராண்டில் 572 ஊர்திகளைச் செய்யும் அளவுக்கு வளர்ந்தது.

பிற்கால வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்தன. நிறுவனத்தாருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1903இல் கார்ல் பொறுப்பிலிருந்து விலகினார். குடும்பம் லாடன்பர்க் என்னும் சிற்றூரில் குடியேறி, மகன்களோடு புதிய தொழிலகம் நடத்தியது. முதல் உலகப் போருக்குப் பின் நேர்ந்த பணவீக்கத்தில் அவர்களின் சேமிப்பு கரைந்தது. 1929இல் கார்ல் மறைந்தார். பெர்த்தா மேலும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். 1944 மே 3ஆம் நாள், அவருடைய 95ஆம் பிறந்தநாளில், கணவர் பயின்ற கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் அவருக்கு மதிப்புறு செனட் உறுப்பினர் என்னும் சிறப்பை வழங்கியது. பெண் என்பதால் தம் இளமையில் நுழையவியலாத கல்விக்கூடத்தின் பெருமை முதுமையில் அவரைத் தேடிவந்தது. இரண்டு நாள் கழித்து, மே 5ஆம் நாள், அவர் உயிர் நீத்தார்.

மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரையிலும், அங்கிருந்து திரும்பும் வழியிலும் 2008 முதல் அவர் பெயர் தாங்கிய வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன. அன்று லிக்ரோயின் வாங்கிய வீஸ்லோக் மருந்துக் கடையை, உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்று அவ்வூர் மக்கள் இன்று பெருமையுடன் சுட்டுகின்றனர்.